புதுக்கவிதையின் கதை – 17: இரண்டு கிண்ணப் பனி

சென்ற அத்தியாயத்தை ஒரு மண்வெட்டியோடு நிறுத்தினோம். நியூ ஹாம்ப்ஷயர் பண்ணை வீடொன்றில், தன் குழந்தைக்குத் தன் கையாலேயே குழி வெட்டிவிட்டு வந்த தகப்பன் அதை வாசல் நடையில் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, பாதரட்சையில் அப்பிய புதுமண்கூட உதிராத நிலையில், மழைக்கும் பனிக்கும் வேலி உளுத்துப்போவதைப் பற்றிச் சர்வ சாதாரணமாகப் பேசத் தொடங்கியதையும், அந்தப் பேச்சைக் கேட்ட மனைவி அன்றுமுதல் அவனோடு ஒரே வீட்டில் இருந்தும் இல்லாதவளாகிவிட்டதையும் ராபர்ட் ஃப்ராஸ்டின் அந்த நெடுங்கவிதையில் பார்த்தோம். ஃப்ராஸ்ட் தம்பதிகளின் மூத்த மகன் எலியட் 1900 ஜூலையில், நான்கு வயது நிரம்பாமலே இறந்தான். கவிதை 1914-இல் லண்டனில் வெளிவந்த ‘பாஸ்டனுக்கு வடக்கே’ என்ற தொகுதியில் அச்சேறியது. இடைப்பட்ட காலத்தின் கனம் எத்தகையது என்பதை, தம் கவிதைகளை ஊர் ஊராகச் சென்று வாசித்துக் காட்டிய அந்த மனிதர் இதை மட்டும் மேடையில் வாசிக்க விரும்பவில்லை என்ற ஒரு செய்தியே நமக்குத் தெரிவித்துவிடும்.

அந்தக் கவிதையில் மண்வெட்டிதான் கண்ணில் படுகிறதென்றாலும், சரித்திர நோக்கில் அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கணவன்மேல் மனைவி சாட்டும் குற்றம் அவன் குழி வெட்டினான் என்பதன்று. வெட்டிவிட்டு வந்து அப்படிப் பேசினான் என்பது. அவர்களுடைய சண்டை முழுவதும் பேச்சைப் பற்றிய சண்டை. எதைப் பேசலாம், யார் பேசலாம், பேசத் தெரியாத ஆண்பிள்ளையின் வாயிலிருந்து வேலியைப் பற்றி வரும் வார்த்தை துக்கமா, துக்கமின்மையா என்ற வழக்கு அது. ஒருவர் வாக்கியத்தை மற்றவர் பாதியில் வெட்ட, செய்யுளின் அடியே இரு வாய்களுக்கிடையில் பங்கு போடப்படுகிறது.

நம் இலக்கணத்தார் கையறுநிலை என்று பெயரிட்டழைக்கும் துறைக்கு ஆங்கிலத்தில் ஒரு நீண்ட சம்பிரதாயம் இருந்ததை முன்னமே கூறியிருக்கிறேன். 1638-இல் மில்டன் தம் கல்லூரித் தோழருக்காகப் பாடியபோது இறந்தவரும் பாடுகிறவரும் இடையர்களாக வேஷம் பூண்டார்கள். மலர்களும் நதி தேவதைகளும் துக்கம் விசாரிக்க வந்தனர். 1850-இல் டென்னிஸன் இந்த வேஷத்தைப் பெரும்பாலும் கலைத்தார். இறந்த நண்பனுடைய வீட்டு வாசற்கதவு வரை வந்து நிற்கிறார், கிறிஸ்துமஸ் இரவில் தம் வீட்டுக்குள்ளேயே நம்மை அழைத்துப் போகிறார். ஆனால் அவ்வீட்டில் யார் வாய் திறந்தாலும் டென்னிஸனின் செய்யுளில்தான் பேசுகிறார்கள். ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்பதற்கு அங்கே ஆளில்லை. இறந்தவர் வீட்டில் முதலில் இல்லாமற் போவது அந்தக் கேள்வியல்லவா? ஒருவர் போகும்போது அவர் குரலோடு, அந்த வீட்டுக்கு மட்டும் உரிய ஒரு பேச்சும் போய்விடுகிறது. அதை எழுத்தில் பிடிக்க வேண்டுமானால், கவிதைக்கென்று காலங்காலமாகச் செப்பனிட்டு வைத்த பாஷை உதவாது. அதை உடைக்கத்தான் வேண்டும். நவீன கவிகள் இலக்கணத்தை உடைத்ததெல்லாம் வெறும் விஷமம் என்று நினைக்கும் நண்பர்கள், உடைந்த இடத்தில் எந்தக் குரல் புகுந்தது என்பதைச் சற்றுக் காது கொடுத்துக் கேட்கலாம்.

புதுக்கவிதையின் சரித்திரம் எழுதப் புகுந்த எவரும் 1922-ஆம் ஆண்டுக்கு வந்ததும் பேனாவை அழுத்திப் பிடித்துக்கொள்வது வழக்கம். அந்த ஆண்டு பிப்ரவரியில் பாரிஸில் ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’. அக்டோபரில் லண்டனில் கவி எலியட்டின் ‘பாழ்நிலம்’. இவ்விரண்டையும் பற்றி முன்பே வேண்டிய மட்டும் எழுதிவிட்டோம். அதே ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில், ஒருவர் பெயரை ஒருவர் கேட்டிராத இரண்டு மனிதர்கள், பூமியின் இரு கோடிகளில், இந்த வீட்டுப் பேச்சின் காரியத்தை ஃப்ராஸ்ட் விட்ட இடத்துக்கு அப்பால் வெகுதூரம் கொண்டு சென்றார்கள். ஒருவர் ஸ்பானிய மொழியில் எழுதியவர், மற்றவர் ஜப்பானியர். இருவரையும் ஆங்கிலத்தின் வழியாகவே அறிந்தவன் நான். ஆகவே ஓசையைப் பற்றி அதிகப்பிரசங்கம் செய்யாமல் பொருளை மட்டும் சொல்கிறேன்.

பெரு தேசத்தின் வடக்கில், ஆண்டிஸ் மலைத்தொடரில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஸாந்தியாகோ தே சூகோ என்ற சிற்றூர். அங்கே 1892 மார்ச்சில், 11 குழந்தைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார் ஸெஸார் வயேஹோ. பெரிய குடும்பத்தின் கடைக்குட்டிக்கு ஒரு விசேஷம் உண்டு: அவன் வரும்போது வீடு நிறைந்திருக்கிறது, அவன் பார்க்கப் பார்க்க அது காலியாகிறது. 1915 ஆகஸ்டில் அவருக்கு நேர்மூத்த அண்ணன் மிகேல் இறந்தான். 1918 ஆகஸ்டில் தாயார் இறந்தபோது வயேஹோ தலைநகரான லீமாவில் இருந்தார்.

1918 என்று ஆண்டு பொறித்து, மறு ஆண்டில் வாசகர் கைக்கு வந்த அவருடைய முதல் தொகுதியின் இறுதியில், வீட்டைப் பற்றிய பாடல்கள் சில உள்ளன. அவற்றுள் ஒன்று அண்ணனை விளித்துப் பேசுவது. பேசுகிறவன் வீட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். மாலையில் இருவரும் கண்ணாமூச்சி ஆடுவார்கள், அம்மா அதட்டுவாள், ஒருவன் ஒளிய, மற்றவன் தேட, சில நாள் அது அழுகையில் போய் முடியும். ஓர் ஆகஸ்டு இரவில், விடியும் தறுவாயில், மிகேல் ஒளிந்துகொண்டான். ஆனால் வழக்கம்போல் சிரித்துக்கொண்டே ஒளியவில்லை. தேடித் தேடித் தம்பிக்கு அலுத்துவிட்டது. சீக்கிரம் வெளியே வந்துவிடு, அம்மா கவலைப்படப் போகிறாள் என்று கேட்டுக்கொள்வதோடு கவிதை முடிந்துவிடுகிறது. மரணம் என்ற சொல்லே அதில் எங்கும் தேவைப்படவில்லை. குழந்தை விளையாட்டின் பரிபாஷை போதுமானதாக இருக்கிறது. ஒளிந்தவனைக் கண்டுபிடிக்க முடியாமற் போவது எந்தக் குழந்தைக்கும் தெரிந்த பயம்தானே?

இதுவரை வயேஹோ இலக்கணத்தின் மேல் கை வைக்கவில்லை. அப்படிக் கை வைத்த நூலுக்கு முன்னால் நேர்ந்தது, 1920-இல் சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போன இடத்தில் நடந்த கலவரம். கடையொன்று தீக்கிரையாக, தூண்டிவிட்டவர் என்ற குற்றச்சாட்டில் வயேஹோவின் பெயரும் சேர்ந்தது. நவம்பரில் கைதாகி ட்ருஹியோ நகரச் சிறையில் 112 நாட்கள் இருந்து, 1921 பிப்ரவரியில் வெளிவந்தார். மறு ஆண்டு அக்டோபரில் லீமா சிறைச்சாலை அச்சுக்கூடத்தில் 200 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்ட நூலுக்கு அவர் வைத்த பெயர், எந்த அகராதியிலும் காணக்கிடைக்காத ‘த்ரில்ஸே’. உள்ளே 77 கவிதைகள்; ஒன்றுக்கும் தலைப்பில்லை; ரோமானிய எண்கள் மட்டும். சில பக்கங்களில் எழுத்துக்கள் பெரிதாகின்றன. சில சொற்கள் எழுத்துப் பிழையோடு நிற்கின்றன. வாக்கியம் எழுவாயை விட்டுவிட்டு எங்கோ போகிறது. வெளிவந்த நாளில் ஊர் இதைக் கண்டு விழித்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் இந்தக் கரடுமுரடான காட்டில் ஆங்காங்கே ஒரு சமையலறை ஜன்னல் தெரிகிறது. மூன்றாம் கவிதையை எடுத்துக்கொள்வோம். பெரியவர்கள் வெளியே போயிருக்கிறார்கள், குழந்தைகள் தனியே காத்திருக்கிறார்கள், ஊர்க் கோயிலில் மணியடிக்கும் குருடர் ஆறு மணி அடித்தாயிற்று, இருட்டிவிட்டது. அம்மா நேரம் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். தொழுவத்தில் கோழிகள் இன்னும் அடங்கவில்லை. அகேதித்தா, நாத்திவா, மிகேல் என்று உடன்பிறந்தாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று எச்சரிக்கிறது ஒரு குழந்தைக் குரல். தண்ணீரில் விடும் விளையாட்டுக் கப்பல்களில் தன்னுடையதே அழகு என்று பெருமை பேசுகிறது. பிறகு இருட்டில் கூப்பிடுகிறது, பதிலில்லை. தன்னை மட்டும் தனியே விட்டுவிட்டுப் போய்விட்டீர்களா என்று கெஞ்சுகிறது. அந்தக் கடைசி வரியில் வயேஹோ போட்டிருக்கும் சொல் ‘கைதி’ என்று பொருள்படும் சொல். அதுவரை ஆறேழு வயதில் பேசிக்கொண்டிருந்த குரல், ஒரே சொல்லில் முப்பதை நெருங்கிய மனிதனுடையதாகி, வீட்டு அறை சிறை அறையாகிவிடுகிறது. மிகேல் இறந்து ஆண்டுகள் பலவானபின் எழுதிய கவிதையில் அவனையும் வரிசையில் நிறுத்திக் கூப்பிடுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். குழந்தையின் இலக்கணத்தில் இறந்த காலம் இன்னும் உருவாகவில்லை. கவிக்கு வேண்டியது அந்த இலக்கணம்தான்.

இருபத்து மூன்றாம் கவிதை தாயாரின் ரொட்டி அடுப்பை நோக்கிப் பேசுகிறது. நான்கு குழந்தை வாய்கள். காலையும் மாலையும் அம்மா பங்கிட்டுக் கொடுத்த இனிப்பு ரொட்டிகள். தேவாலயத்தில் பிரசாதமாகத் தரும் அப்பத்தின் பெயரையே அவற்றுக்கும் இடுகிறார். அந்த ரொட்டியை இப்போது உலகம் விலை பேசிக் கேட்கிறது என்பது கவிதையின் பிற்பகுதி. அம்மா விட்டுச்சென்ற இந்த உலகத்தில் குடியிருக்க எல்லோரும் வாடகை கேட்கிறார்கள். அன்று தின்ற தீராத ரொட்டிக்கும் கிரயம் கேட்கிறார்கள். நாங்கள் சின்னக் குழந்தைகள், யாரிடமிருந்தும் பிடுங்கித் தின்றிருக்க முடியாதே, நீதானே கொடுத்தாய், நீயே சொல் அம்மா என்று முடிகிறது. திருடினாயா என்று கேட்கப்பட்ட பிள்ளை தாயைச் சாட்சிக்கு அழைக்கும் குரல் இது. சாட்சி வரமாட்டாள்.

ஒரு சிநேகிதர் வீட்டு விருந்தில், அடுத்தவர் குடும்பத்துக் கரண்டிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து, கவளம் தொண்டையில் இறங்காமல் தவிக்கும் இருபத்தெட்டாம் கவிதையையும் சொல்லிவிட்டு, அறுபத்தொன்றாம் கவிதைக்குப் போகிறேன். தொகுதியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இரவில் குதிரையேறி ஒருவன் தன் வீட்டு வாசலுக்கு வந்து இறங்குகிறான். கதவு சாத்தியிருக்கிறது. தட்டுகிறான், கூப்பிடுகிறான், ஒருவரும் எழுந்து வரவில்லை. அப்பா இந்நேரம் பிரார்த்தனையில் இருப்பார், நான் வர நேரமாயிற்றென்று எண்ணுவார், அக்காமார் வரப்போகும் பண்டிகைக்கு ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறான். குதிரை கனைக்கிறது. வீட்டில் எல்லாரும் நிரந்தரமாகத் தூங்குகிறார்கள். கடைசியில் குதிரையும் களைத்து, நின்றபடியே தூங்கி விழத் தொடங்குகிறது. ஒவ்வொரு முறை தலை தாழும்போதும், எல்லாம் நல்லபடிதான் இருக்கிறது என்று அது சொல்வதாக முடிக்கிறார். துக்க வீட்டில் உற்றார் சொல்லும் ஆறுதல் வார்த்தை ஒரு மிருகத்தின் தூக்கக் கலக்கத்திலிருந்து வருகிறது.

வயேஹோ 1923-இல் பாரிஸுக்குக் கப்பலேறினார், ஊர் திரும்பவேயில்லை. 1938 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். அவருடைய பிற்காலத்துக் கவிதைகளுக்கு வேறோர் அத்தியாயம் உண்டு.

இந்த இடத்தில் ஒரு சொந்த விஷயம். என் அத்தை ஒருத்தி, விளக்கை அணை என்று ஒருநாளும் வாயால் சொன்னவளல்லள், ‘மலையேற்று’ என்பாள். மின்சார விளக்கு வந்த பிறகும் சுவிட்சைக் காட்டி அதையே சொல்லுவாள், நாங்கள் சிரிப்போம். அவள் காலமான பின்பு அந்த வீட்டில் விளக்குகள் அணைகின்றன. ஜப்பானியக் கவியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது இதுதான்.

ஜப்பானின் வடகிழக்கில், நீண்ட பனிக்காலமும் அடிக்கடி பொய்க்கும் விளைச்சலும் உடைய இவாதே பிரதேசத்தில், ஹனமகி என்னும் ஊரில், அடகுக்கடைக்காரர் ஒருவரின் மூத்த மகனாக 1896-இல் பிறந்தவர் மியஸாவா கென்ஜி. அடகு பிடிக்கும் தொழிலையும் தகப்பனாரின் பௌத்தப் பிரிவையும் ஒருங்கே நிராகரித்து, தாமரைச் சூத்திரத்தில் தீவிர விசுவாசம் கொண்டு, ஊரில் விவசாயப் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். இந்த விசுவாசத்தில் வீட்டில் அவருக்குத் துணை நின்றவள் தங்கை தோஷி. டோக்கியோவில் மகளிர் பல்கலைக்கழகத்தில் படித்து, ஹனமகியில் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள், க்ஷயரோகத்தால் 1922 நவம்பர் 27-ஆம் தேதி, 24-ஆம் வயதில் இறந்தாள். அந்தத் தேதியையே அடியில் இட்டு மூன்று கவிதைகள் இருக்கின்றன.

முதற் கவிதையில் நடப்பது மிகச் சிறிய காரியம். வெளியே பனியும் மழையும் கலந்து பெய்கிறது. காய்ச்சலில் நாவறண்டு கிடக்கும் தங்கை, கொஞ்சம் பனி கொண்டுவந்து தா என்று கேட்கிறாள். நீர்ச்செடியின் நீல உருவம் தீட்டி, விளிம்பு உடைந்த இரண்டு பீங்கான் கிண்ணங்கள் வீட்டில் இருக்கின்றன. அண்ணனும் தங்கையும் கூடவே வளர்ந்த கிண்ணங்கள். அவற்றை எடுத்துக்கொண்டு, கோணலாகச் சுடப்பட்ட துப்பாக்கிக் குண்டுபோல் இருட்டான வானத்தின் கீழ் ஓடுகிறார். கருங்கல்லின் மேல் ஜாக்கிரதையாக நின்று, பைன் மரத்தின் பசுங்கிளையிலிருந்து பனியைக் கிண்ணத்தில் ஏந்துகிறார். கிண்ணத்தின் அந்த நீல உருவத்துக்கும் இன்றோடு நீ விடை கொடுக்கிறாய் என்று சொல்லிக்கொள்கிறார். கதை இவ்வளவே.

விசேஷம், அந்தக் கதை சொல்லப்படும் இரண்டு பாஷைகளில் இருக்கிறது. கென்ஜி தம் வார்த்தைகளைப் பொது ஜப்பானிய மொழியில், படித்தவரின் நடையில் சொல்கிறார். தோஷியின் வார்த்தைகளோ ஹனமகி வீட்டுப் பேச்சில், கேட்டது கேட்டபடி, அடைப்புக் குறிகளுக்குள் இறங்கி நிற்கின்றன. பனி கேட்ட அந்த ஒரே வாக்கியம், அண்ணனின் வரிகளுக்கு நடுவே மீண்டும் மீண்டும் வருகிறது. கல்லூரிப் படிப்பும் ஆசிரியைப் பதவியும் பெற்ற பெண், கடைசி நாளில் தன் வீட்டுப் பேச்சுக்கே திரும்பிவிட்டாள் என்பதும், பல்லவிபோல் ஒலிக்கும் அந்த வாக்கியத்துக்குக் கவிதையின் அடியில் தம் தேசத்தவருக்கே கென்ஜி குறிப்புரை எழுத வேண்டியிருந்தது என்பதும் எண்ணத்தக்கவை. தான் தனியாகவே போகப்போவதாகத் தோஷி சொல்லும் வாக்கியத்தை மட்டும் ஜப்பானிய எழுத்தில் எழுதவே அவருக்குக் கை வரவில்லை போலும். ரோமானிய லிபியில் வெறும் ஒலியாகப் பதித்துவிட்டார். பக்கத்தைப் புரட்டுகிறவனுக்கு அந்த வரி முதலில் அர்த்தமாகத் தெரிவதில்லை. அன்னிய எழுத்துக்களின் கோவையாகத்தான் தெரிகிறது. பொருளைச் சம்மதிக்கும் முன்னால் காது சத்தத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் க்ஷணம் ஒன்று உண்டே, அதை அச்சில் காட்ட இதைவிட வேறு உபாயம் எனக்குத் தோன்றவில்லை.

கவிதையின் இறுதியில், இந்த இரண்டு கிண்ணப் பனியும் சுவர்க்கத்தின் ஐஸ்கிரீமாக மாறி உனக்கும் எல்லோருக்கும் புனித உணவாகட்டும் என்று பிரார்த்திக்கிறார். ஆமாம், ஐஸ்கிரீம்தான், 1924-இல் அச்சான பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது. பிறகு தம் கைப்பிரதியில் அதை அடித்துவிட்டு, துஷித லோகத்தின் ஆகாரம் என்று பௌத்த பரிபாஷையில் திருத்தினார். பின்னதே பக்குவமான பாடம் என்பாரும் உளர். என் அபிப்பிராயம் வேறு: நோயாளித் தங்கைக்கு அண்ணன் வாங்கிக் கொடுக்க விரும்பும் பண்டம் முந்திய பாடத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது கவிதை இன்னும் உள்ளறைக்குப் போகிறது. தோஷி தாயாரிடம், நான் பார்க்க பயங்கரமாக இருக்கிறேனா என்று கேட்கிறாள். இல்லையம்மா, இன்றைக்கு நன்றாகவே இருக்கிறாய் என்கிறாள் தாய். உடம்பிலிருந்து துர்நாற்றம் வருகிறதா என்று மறுபடியும் கேள்வி; துளிக்கூட இல்லை என்று பதில். ரோகியின் படுக்கையருகே விழித்திருந்த எந்தக் குடும்பத்துக்கும் இந்தச் சம்பாஷணை புதிதன்று, கவிதையில்தான் புதிது. கோடைக்காலத்து வயல்வெளியின் சின்ன வெள்ளைப் பூக்களின் வாசம் இங்கே நிரம்பியிருக்கிறது என்று அண்ணன் சொல்ல நினைக்கிறார். தாம் அசுர நிலையில் உழல்கிறவர் என்ற எண்ணம் நாவைக் கட்டிவிட, சொல்லாமலே இருந்துவிடுகிறார். தாய் சொன்ன பொய் மகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மகன் வைத்திருந்த மெய் சேரவில்லை.

இக்கவிதைகள் அடங்கிய ‘வஸந்தமும் அசுரனும்’ 1924 ஏப்ரலில் அவருடைய சொந்தச் செலவில் 1,000 பிரதிகள் அச்சாயிற்று. தாம் எழுதியவை கவிதைகளே அல்ல, மனச் சித்திரங்கள் என்பது அவர் கட்சி. நூலின் முதுகில் ‘கவிதைத் தொகுதி’ என்று அச்சாகியிருந்ததைச் சில பிரதிகளில் வெண்கலப் பொடி பூசி மறைத்தாராம். விற்றது சொற்பம். தாதாயிஸ்டான த்ஸுஜி ஜுன் போன்ற இரண்டொருவர் பத்திரிகையில் பாராட்டினார்கள். 1933 செப்டம்பரில், 37-ஆம் வயதில் கென்ஜி இறந்தபோதும் ஹனமகிக்கு வெளியே அவரை அறிந்தவர் சிலரே.

தங்கை போன பிறகு 1923 ஜூன் வரை அத்தொகுதியில் தேதியிட்ட கவிதை ஒன்றுமில்லை. ஜூலைக் கடைசியில், மாணவர்களுக்குக் காகித ஆலையில் வேலை தேடித் தருவதற்காக என்று சொல்லிவிட்டு, அப்போது ஜப்பானியர் வசம் இருந்த தெற்கு ஸாகாலினுக்குப் புறப்பட்டார். அந்தப் பிரயாணத்தின் முதல் இரவில், அவோமோரியை நோக்கிப் போகும் ரயிலில் பிறந்தது அவருடைய நீண்ட இரங்கற்பா. இருண்ட வயல்வெளியில் ஓடும் வண்டியின் ஜன்னல்கள் மீன்தொட்டியின் கண்ணாடிகளாகின்றன. இந்த ஆளில்லாத ரயிலடியைத் தாண்டி அவளும் தனியே போயிருப்பாளோ என்று யோசிக்கிறார். பிறகு, அன்று நடந்த ஒன்று, முந்திய மூன்று கவிதைகளிலும் சொல்லாமல் விட்டது, வெளிவருகிறது. தோஷியின் கண் பார்வை போய்விட்டது, சுவாசம் நின்றுகொண்டிருக்கிறது, அப்போது அவள் காதருகே குனிந்து தம் பலங்கொண்ட மட்டும் கத்தினார். அவள் தலையசைப்பதுபோல் இரண்டு முறை மூச்சு விட்டாள். அது தலையசைப்பேதானா, அவளுக்குக் கேட்டதா என்ற கேள்வியை ரயிலில் உட்கார்ந்தபடி புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார் விஞ்ஞானம் படித்த அந்தப் பள்ளி ஆசிரியர். ஜெர்மானிய ஜீவ சாஸ்திரியான ஹெக்கல் பண்டிதரை மரியாதையாக விளித்து, அதை நிரூபிக்கும் பொறுப்பைத் தாமே ஏற்கத் தயாராக இருப்பதாக அவரிடம் தெரிவித்துக்கொள்கிறார்.

(தொடரும்)